தக்காளிக் கிரேட்டுக்குள் ஒரு பண்ணை

இரவு பத்து மணி தாண்டி, மடிப்பாக்கத்துத் தெருவில் வண்டிச் சத்தம் ஓய்ந்த பிறகு, எங்கள் வீட்டுப் பின்பக்கப் பால்கனியில் குத்தவைத்து உட்கார்ந்து, அங்கே இருக்கும் தக்காளிக் கிரேட்டின் பக்கம் காதைக் கொண்டுபோனால் ஒரு சத்தம் கேட்கும். பால் பொங்கப் போகும் நேரத்தில் பாத்திர விளிம்பில் எழுமே, அந்த மாதிரி மெல்லிய ‘சிர்ர்’. மேலே போர்த்தியிருக்கும் ஈரச் சாக்கைத் தூக்கி டார்ச் அடித்தால் ஒரு நொடிதான் பார்க்கக் கிடைக்கும். வாழைப்பழத் தோலின் உட்புறத்தில் அப்பிக்கிடந்த அத்தனை புழுக்களும், வெளிச்சம் பட்டவுடன் உடம்பைச் சுருக்கி இருட்டுக்குள் இழுத்துக்கொள்ளும். அவற்றுக்குக் கண் கிடையாது. வெளிச்சத்தை உணர்வதும் தோல்தான், மூச்சு விடுவதும் அந்த ஈரத் தோல் வழியாகத்தான்.

இரண்டு மாதத்துக்கு முன்பு வெண்டைக்காய்க் காம்பாகவும் பூசணிக் குடலாகவும் உள்ளே போனதெல்லாம் இப்போது டிகாக்‌ஷன் சக்கை நிறத்தில் குருணை குருணையாகக் கிடக்கிறது. கையில் அள்ளி முகர்ந்தால் முதல் மழை விழுந்த மண்ணின் வாசனை. சும்மா உவமைக்குச் சொல்லவில்லை. மழை மண்ணில் அந்த வாசனையைக் கிளப்பும் ஜியோஸ்மின் என்ற பொருளை உண்டாக்கும் நுண்ணுயிர்கள் மட்கிய உரத்திலும் வாழ்கின்றன.

எங்கள் வீட்டில் நாலு பேர். காய்கறித் தோல், கீரைத் தண்டு, பழத்தோல், சாமி படத்திலிருந்து எடுத்த பூ என்று ஒரு நாளைக்கு முக்கால் கிலோ வரை சேரும். சென்னை நகரம் முழுக்க ஒரு நாளில் சேரும் குப்பை 5000 டன்னைத் தாண்டும். நாங்கள் குடிவந்த காலத்தில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிப் பெருங்குடிக் குப்பைமேடு புகைந்துகொண்டிருக்கும். அந்தச் சாலையில் பஸ் போகும்போது எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொள்வோம். மட்கும் குப்பையையும் மட்காத குப்பையையும் பிரித்துத்தான் கொடுக்க வேண்டும் என்று திடக்கழிவு மேலாண்மை விதிகள் சொல்கின்றன. பிரித்ததை வீட்டிலேயே வைத்துக்கொண்டு மண்ணாக்கலாம் என்று தெரிந்த நாளிலிருந்து, அந்தக் குப்பை வாளியைத் தூக்கிக் கொடுக்க எனக்கு மனசு வருவதில்லை.

மூன்று வருடமாகப் புழு வளர்க்கிறேன் என்று கேள்விப்பட்டதும் எல்லோரும் முதலில் கேட்பது, “அதுக்கு என்ன சாப்பிடக் கொடுக்கணும்?” நானும் அதைத்தான் கேட்டேன். கேட்க வேண்டியது வேறு என்று புரிய எனக்கு ஒரு வருடமும் ஒரு பெரிய சாவும் தேவைப்பட்டன. புழு எதில் படுத்திருக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். படுக்கை சரியாக இருந்தால், சாப்பாட்டை நீங்கள் பத்து நாள் மறந்தாலும் அது சாகாது. படுக்கை கெட்டுப்போனால், நீங்கள் போடும் சாப்பாடே அதைக் கொல்லும்.

நாங்கூழும் வாஷிங் மெஷினும்

என் அப்பாவுக்குத் தாமிரபரணிக் கரையில் ஊர். சின்ன வயதில் வாய்க்கால் ஓரம் மண்வெட்டியால் இரண்டு வெட்டு வெட்டி, கொட்டாங்குச்சி நிறையப் புழு பொறுக்கித் தூண்டில் போடப் போவாராம். ‘நாக்குப்பூச்சி’ என்றுதான் சொல்வார். பழைய தமிழ்ப் பெயர் நாங்கூழ். சுந்தரம் பிள்ளை 1891-இல் வெளியிட்ட ‘மனோன்மணீயம்’ நாடகத்தில் நடராசன் என்ற பாத்திரம் இந்த நாங்கூழ்ப் புழுவைக் கூப்பிட்டுப் பேசும் ஓர் இடம் இருக்கிறது. உழுவோர்க்கெல்லாம் விழுமிய வேந்து என்று அதன் ஓயாத உழைப்பைக் கொண்டாடுகிறான். பள்ளியில் மனப்பாடம் செய்தபோது எனக்கு அது வெறும் செய்யுள். இப்போது கிரேட்டைத் திறக்கும்போதெல்லாம் அந்த மனிதர் எங்கேயோ குனிந்து உட்கார்ந்து ஒரு புழுவை நெடுநேரம் பார்த்திருக்கிறார் என்று தோன்றுகிறது.

அதற்குப் பத்து வருடம் முன்பு, 1881-இல், சார்லஸ் டார்வின் தன் கடைசிப் புத்தகத்தை எழுதினார். அது முழுக்க முழுக்க மண்புழுவைப் பற்றியது. இங்கிலாந்தில் பல இடங்களில் ஓர் ஏக்கர் நிலத்தில் வருடத்துக்குப் பத்து டன்னுக்கு மேல் மண் புழுக்களின் உடம்பு வழியாகப் புகுந்து மேலே வருகிறது என்று அதில் கணக்குப் போட்டுச் சொன்னார். அதைவிட எனக்குப் பிடித்தது அவர் வீட்டுக்குள் செய்த சோதனைகள். மண் நிரப்பிய தொட்டிகளில் புழு வளர்த்தார். பக்கத்தில் குழல் ஊதச் சொன்னார், சத்தமாகப் பியானோ வாசிக்கச் சொன்னார். புழுக்கள் அசையவில்லை. தொட்டியைப் பியானோவின் மேலேயே தூக்கி வைத்து ஒரு கட்டையைத் தட்டியதும் வளைக்குள் பதுங்கிக்கொண்டன. காது கேட்காது, அதிர்வு தெரியும்.

எங்கள் பால்கனியில் பியானோ இல்லை, வாஷிங் மெஷின் இருக்கிறது. கிரேட்டை முதலில் அதை ஒட்டித்தான் வைத்தேன், குழாயும் வடிகாலும் அங்கேதான் என்பதால். மெஷின் துணி பிழிந்து முடித்த பிறகு திறந்து பார்த்தால் மெஷின் பக்கத்து மூலையில் ஒரு புழு இருக்காது. டார்வினைப் படித்த அன்றைக்கே கிரேட்டை எதிர்ச் சுவருக்கு மாற்றினேன்.

படுக்கை

கிரேட் என்றால் காய்கறி மண்டியில் தக்காளி வந்து இறங்குமே, நாலு பக்கமும் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பெட்டி, அதுதான். பழையது மலிவாகக் கிடைக்கும். மூடிய வாளியைவிட இது எனக்குப் பிடித்ததற்குக் காரணம் காற்று. புழு வாழ்வதற்கும் அழுகல் நாற்றம் வராமல் இருப்பதற்கும் இரண்டுக்கும் அதுதான் வேண்டும். உட்புறம் முழுக்கப் பச்சை நிழல்வலையை இரண்டு மடிப்பாக விரித்துத் தைத்துவிட்டால் உரம் கொட்டாது. உயரம் ஓர் அடிக்கு மேல் வேண்டவே வேண்டாம். நம்மிடம் இருக்கும் புழுக்கள் ஆழத்துக்குப் போகிறவை அல்ல, மேல்மட்டத்தில் அகலமாகப் பரவி மேய்கிறவை. அதனால் ஆழமான டிரம்மை விட அகலமான தட்டே அவற்றுக்கு ஊர்.

அடியில் உரித்த தேங்காய் மட்டையைக் குப்புறக் கவிழ்த்து ஒரு வரிசை. தண்ணீர் வடிய அது போதும். அதன் மேல் தென்னை நார்க்கழிவு. கட்டியாக விற்கிறார்களே, அதை அப்படியே ஊறவைத்துப் போட்டுவிடக் கூடாது. உப்பு இருக்கும். ஊறவைத்து, தண்ணீரை வடித்து, மறுபடி ஊறவைத்து, மூன்று முறையாவது கழுவ வேண்டும். வடித்த தண்ணீர் முதல் தடவை கருப்பட்டிக் காபி மாதிரி வரும், மூன்றாம் தடவை இளம் டீ நிறத்துக்கு வந்துவிடும். பிறகு சாணம். இங்கேதான் நிறைய பேர் அவசரப்படுகிறார்கள். பால்காரர் வீட்டில் அன்று காலை அள்ளிய பச்சைச் சாணத்தைப் போட்டால் அது மட்கும்போது சூடேறும், அந்தச் சூட்டில் புழு வெந்துவிடும். குறைந்தது இரண்டு மூன்று வாரம் நிழலில் கிடந்து, மேலே பொருக்குத் தட்டி, உள்ளே நாற்றமில்லாமல் ஆன சாணம் வேண்டும். அதில் காய்ந்த இலைகளை நொறுக்கிக் கலந்து, ஒரு கை தோட்டத்து மண்ணையும் தூவ வேண்டும். புழுவுக்குப் பல் இல்லை. கோழிக்கு இருப்பது போல் அரைவைப்பை இருக்கிறது. அதில் அரைபடுவதற்கு மண்துகள் தேவை. முட்டை ஓட்டை வெயிலில் காயவைத்து மிக்ஸியில் பொடித்துப் போட்டாலும் அந்த வேலை நடக்கும், புளிப்பும் குறையும்.

எல்லாம் கலந்த பிறகு ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்து பாருங்கள். விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு வந்தால் போதும். ஒழுகினால் ஈரம் அதிகம், உதிர்ந்தால் போதாது. இந்தப் படுக்கையையும் உடனே புழுவுக்குத் திறந்துவிடக் கூடாது. பத்து நாள் சாக்கைப் போர்த்தி வைத்திருந்து, பிறகு கையை ஆழமாக உள்ளே விட்டுப் பார்க்க வேண்டும். எங்காவது இளஞ்சூடு தட்டினால் இன்னும் ஒரு வாரம். என் அத்தை (மாமியாரைத்தான் சொல்கிறேன்) முதலில் “ஏம்மா, வீட்டுக்குள்ள புழுவா? பாக்குறவங்க என்ன சொல்லுவாங்க?” என்று முகம் சுளித்தவர். பத்தாவது நாள் அவராகவே வந்து கையை விட்டுப் பார்த்து, “குளுந்துடுச்சு, விட்டுடலாம்” என்றார். இட்லி மாவு பொங்கியதைக் கையால் தொட்டுச் சொல்கிற அதே தீர்மானம்.

எந்தப் புழு

மண்புழு எல்லாம் ஒன்று என்று நினைத்து, மழைக்காலத்தில் தொட்டிச் செடியடியில் கிடைத்ததைப் பொறுக்கிப் போட்டவர்களை எனக்குத் தெரியும். அவை பெரும்பாலும் மண்ணைக் குடைந்து வாழ்கிறவை. குப்பையும் சாணமும் மட்டுமே உள்ள பெட்டி அவற்றுக்கு ஒத்துவராது. என் மகள் பிளஸ் ஒன் படித்தபோது விலங்கியல் பாடத்தில் வந்த ‘லாம்பிட்டோ மாரிட்டி’ அந்த வகை. நம் ஊர் மண்ணின் சொந்தக்காரர், ஆனால் கிரேட்டுக்கு உரியவரல்ல. கிரேட்டுக்கு ஏற்றவை மட்கும் குப்பையிலேயே பிறந்து வாழும் மேல்மட்டப் புழுக்கள். உர வியாபாரிகள் ‘ஆப்பிரிக்கன்’ என்று சொல்லித் தருவது யூட்ரிலஸ் யூஜினியே. பருமனாக, ஊதா கலந்த பழுப்பில் பளபளவென்று இருக்கும். ‘சிவப்புப் புழு’ என்று விற்பது ஐசீனியா ஃபெட்டிடா, சின்னது, உடம்பில் வரிவரியாக இருக்கும். மூன்றாவது நம் நாட்டுப் புழு பெரியோனிக்ஸ் எக்ஸ்கவேட்டஸ். பழைய சாணக் குவியலுக்கு அடியில் ஈரமான இடத்தில் தேடினால் அகப்படும்.

வெளிநாட்டுப் புழுக்களை வாங்கத் தேவையில்லை, உள்ளூர்ப் புழுக்களே போதும் என்று நெடுங்காலமாகச் சொல்லிவருபவர் சென்னைப் புதுக்கல்லூரியில் பேராசிரியராக இருந்த சுல்தான் அகமது இஸ்மாயில். மண்புழு உயிரியல் பற்றி 1997-இல் ஆங்கிலத்தில் புத்தகமே எழுதியவர். 2021-இல் தமிழ்நாட்டு மாநில வளர்ச்சிக் கொள்கைக் குழுவிலும் இடம்பெற்றார். அவர் சொல்வதில் எனக்கு முழு உடன்பாடு. ஆனாலும் என் கிரேட்டில் இருப்பது ஆப்பிரிக்கன்தான். நாட்டுப் புழு மழை இரவுகளில் கூட்டமாகக் கிளம்பி ஊர் சுற்றப் போகும் பழக்கமுள்ளது. தோட்டமிருந்தால் கவலையில்லை, எனக்கு இருப்பது டைல்ஸ் போட்ட பால்கனி, கீழே அடுத்த வீட்டுக்காரரின் துணிக்கொடி.

வாங்கும்போது புழுவை மட்டும் எடைபோட்டு வாங்காதீர்கள். அது இருந்த படுக்கையோடு கேளுங்கள். மதுராந்தகம் பக்கம் ஒரு விவசாயியிடம் நான் கால் கிலோ புழு கேட்டேன். அவர் இரண்டு கிலோ பாதி மட்கிய எருவோடு சேர்த்துச் சாக்கில் கட்டிக் கொடுத்து, “இதுல முட்டையும் குஞ்சும் கெடக்கும்மா, அதுங்கதான் உங்க வீட்டுல நிக்கும். பெருசுங்க பாதி பழகாமச் செத்துடும்” என்றார். சொன்னபடியே நடந்தது. சாயங்காலத்தில் கொண்டுவந்து படுக்கையின் மேல் கொட்டினேன். பத்து நிமிடத்தில் எல்லாம் உள்ளே இறங்கிவிட்டன. முதல் வாரம் எதுவும் போடவில்லை.

தர்பூசணி

பொதுக் கணக்கு ஒன்று உண்டு: எல்லாம் நன்றாக இருந்தால் புழு தன் எடையில் பாதியை ஒரு நாளில் தின்னும். கால் கிலோ புழுவுக்கு நூற்றிச்சொச்சம் கிராம். காகிதத்தில் சரி. ஆனால் புழு நாம் போட்ட வெண்டைக்காயைக் கடித்துத் தின்பதில்லை. வெண்டைக்காய் இளகி, அதன் மேல் பாக்டீரியாவும் பூஞ்சணமும் படர்ந்த பிறகு, அந்தப் படலத்தோடு சேர்த்து உறிஞ்சுகிறது. அப்படியென்றால் நாம் முதலில் சோறு போடுவது நுண்ணுயிருக்கு. அது பசியாறித் தயாராகும் வரை புழு காத்திருக்கும். இடையில் நாம் மேலும் மேலும் கொட்டினால் காற்றுப் புகாமல் உள்ளே புளிக்க ஆரம்பித்துவிடும்.

முதல் வருடம் சித்திரையில் எங்கள் வீட்டில் நாத்தனாருக்கு வளைகாப்பு. அறுபது பேர் சாப்பிட்டார்கள். மறுநாள் தர்பூசணித் தோல் மட்டும் ஒரு பெரிய அண்டா நிறைய. இவ்வளவையும் குப்பை வண்டிக்குக் கொடுப்பதா என்ற ஆதங்கத்தில் அத்தனையையும் வெட்டி, அப்போது என்னிடம் இருந்த இரண்டு கிரேட்டிலும் நிரப்பினேன். மிஞ்சிய புளியோதரையும் கொஞ்சம் போனது. மூன்றாம் நாள் விடிகாலை பால்கனிக் கதவைத் திறந்தபோதே புளித்த மாவும் அமோனியாவும் கலந்த ஒரு நெடி முகத்தில் அடித்தது. சாக்கைத் தூக்கினேன். சாக்கின் அடிப்புறம் முழுக்க, வேகவைத்த சேமியா மாதிரி, புழு. சுவரில் புழு. தரையில் ஒரு சாண் தூரம் போய்க் காய்ந்து ஒட்டிக்கொண்ட புழு. கிரேட்டின் நடுவில் கையை வைத்தேன், சுட்டது. உள்ளே இருந்தவை வெளுத்து, கணுக்கணுவாக இறுகி, தொட்டதும் கரைந்தன. ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தேன். அன்று அலுவலகம் போகவில்லை.

பிழைத்தவற்றைக் காப்பாற்றியது பழைய படுக்கையில் கொஞ்சமும் காய்ந்த இலையும்தான். தர்பூசணியை எல்லாம் வழித்து வெளியே எடுத்தேன். தெருமுனையில் ஒரு சாக்கு நிறையக் காய்ந்த புங்க இலை பொறுக்கிவந்து நொறுக்கிக் கலந்தேன். மூடாமல் இரண்டு நாள் மின்விசிறிக் காற்று பட வைத்தேன். இரண்டு வாரம் ஒன்றும் போடவில்லை. மாதக் கடைசியில் மேல்மட்டத்தைக் கிளறியபோது கடுகைவிடச் சற்றுப் பெரிதாக, சின்ன எலுமிச்சம்பழ வடிவத்தில், மஞ்சளும் பழுப்புமாக முட்டைக்கூடுகள் கிடந்தன. மகள் லென்ஸ் வைத்துப் பார்த்தாள். ஒரு கூட்டின் முனையிலிருந்து வெள்ளை நூல் மாதிரி ஒன்று நெளிந்து வெளியே வந்தது. உடம்பு கண்ணாடி போல் இருந்தது, நடுவில் ஒரு சிவப்புக் கோடு ஓடியது. “அம்மா, ரத்தம் ஓடுறது தெரியுது” என்றாள். மதுராந்தகத்துக்காரர் சொன்ன முட்டையும் குஞ்சும் இவைதான்.

அதன் பிறகு என் கணக்கு எளிமையானது. ஒரு பங்கு ஈரக் கழிவு போட்டால், மேலே ஒரு பங்குக்குக் குறையாமல் காய்ந்த இலை அல்லது கிழித்த அட்டைப்பெட்டி. மூன்று நாளைக்கு ஒரு முறை, ஒவ்வொரு தடவையும் வேறு மூலையில், இரண்டு அங்குல ஆழத்தில் புதைத்து மூடுவேன். அடுத்த சுற்று அந்த மூலைக்கு வரும்போது போன தடவை போட்டது அடையாளம் தெரிந்தால் அங்கே போடமாட்டேன். இந்த ஒரு விதியே போதும் என்று நினைக்கிறேன். எடை பார்க்கும் தராசெல்லாம் பிறகு.

என்ன போடலாம் என்ற கேள்விக்கு இப்போது வருகிறேன். வாழைப்பழத் தோல்தான் ராஜா. பப்பாளித் தோல், பூசணிக் குடல், வெள்ளரி, சுரைக்காய்ச் சீவல், கீரைத் தண்டு, டிகாக்‌ஷன் சக்கை, சர்க்கரை இல்லாத டீத்தூள் எல்லாம் விரும்பித் தின்னும். எல்லாவற்றையும் பொடியாக நறுக்கி ஒரு நாள் வாடவிட்டுப் போட்டால் வேகம் கூடும். எலுமிச்சை, சாத்துக்குடித் தோல், புளிச்சக்கை, மிளகாய், ஊறுகாய், எண்ணெய்ப் பிசுக்கு, உப்புப் போட்டுச் சமைத்த எதுவும், பால், தயிர், மீன், கறி, எலும்பு இவை வேண்டாம். உப்பு அந்த ஈரத் தோலிலிருந்து நீரை உறிஞ்சி எடுத்துவிடும். கறியும் மீனும் புழுவுக்கு முன்னால் எலியைக் கூட்டிவரும். வெங்காயம் கூடாது என்று எல்லோரும் சொல்வார்கள்; டார்வினோ தன் புழுக்கள் வெங்காயத்தை ஆசையாகத் தின்றதாக எழுதியிருக்கிறார். எனக்குப் பட்டது, ஒரு வெங்காயத்தின் சருகு ஒன்றும் செய்யாது, பிரியாணி செய்த நாளின் வெங்காயக் கழிவு மொத்தமும் வீட்டையே நாறடிக்கும்.

பூவைப் பற்றி ஓர் எச்சரிக்கை. சாமி படத்துக்குப் போட்ட மல்லிகையும் சாமந்தியும் நல்ல தீனி. ஆனால் இப்போது பெரும்பாலும் நைலான் கலந்த நூலில்தான் தொடுக்கிறார்கள். மட்காத அந்த நூல் புழுவின் உடம்பில் சுற்றி இறுக்கி இரண்டாய் அறுத்திருந்ததை ஒருமுறை பார்த்தேன். அறுபட்ட மண்புழு இரண்டு புழுவாகும் என்பது பொய். அன்றிலிருந்து வாழைநாரில் தொடுத்த பூவாகத் தேடி வாங்குகிறேன், கிடைக்காத நாளில் அத்தை உட்கார்ந்து நூலை உருவி எடுத்துத் தருகிறார்.

வெயிலும் எறும்பும்

வீட்டுக்குள் புழு வளர்ப்பதைப் பலருக்குக் கற்றுக்கொடுத்த புத்தகம் 1982-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலிருந்து மேரி ஆப்பெல்ஹாஃப் என்ற உயிரியல் ஆசிரியை எழுதியது. பனி கொட்டும் ஊர் அது. அங்கேயெல்லாம் பெட்டியை நிலவறையில் வைத்துக் குளிரிலிருந்து காப்பாற்றப் பார்ப்பார்கள். அந்த ஊர்க் குறிப்புகளைப் படித்துவிட்டு இங்கே மூடிபோட்ட கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டி வாங்குகிறவர்களுக்கு அக்னி நட்சத்திரம் என்ன செய்யும் என்று யாரும் சொல்வதில்லை. படுக்கையின் சூடு 30 டிகிரிக்குள் இருந்தால் புழு சுகமாக இருக்கும். 35-ஐத் தாண்டினால் ஆபத்து. மே மாதத்தில் மொட்டைமாடி என்ற பேச்சே கூடாது. வடக்குப் பார்த்த நிழல், மேலே இரண்டு மடிப்புக் கோணிச்சாக்கு, அதைக் காலையும் மாலையும் நனைப்பது. பானைத் தண்ணீர் எப்படிக் குளிர்கிறதோ அதே வித்தைதான். ஈரம் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகும். தண்ணீரைப் படுக்கையில் ஊற்றாமல் சாக்கில் தெளிக்க வேண்டும் என்பதுதான் சூட்சுமம். குளோரின் போட்ட குழாய்த் தண்ணீராக இருந்தால் வாளியில் பிடித்து ஒரு ராத்திரி திறந்து வைத்துவிட்டுத் தெளிப்பேன்.

எறும்பு வந்தால் படுக்கை காய்ந்துவிட்டது என்று அர்த்தம். முதலில் ஈரத்தைச் சரிசெய்யுங்கள். சுள்ளெறும்பு ஒரே ராத்திரியில் குஞ்சுகளைக் காலி செய்துவிடும். கிரேட்டை நாலு செங்கல் மேல் வைத்து, ஒவ்வொரு செங்கல்லுக்கும் அடியில் ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றினால் ஏறாது. ஆனால் தேங்கிய தண்ணீரில் டெங்குக் கொசு முட்டையிடும், அதனால் ஒரு சொட்டு எண்ணெய் விட மறக்கக் கூடாது. பழ ஈ மொய்த்தால் தீனியைச் சரியாகப் புதைக்கவில்லை. வெளியே வைத்திருப்பவர்களுக்கு மைனாவும் செம்போத்தும் பெருச்சாளியும் வரும். மேலே கம்பிவலை தவிர வேறு வழியில்லை.

அள்ளும் நாள்

இரண்டு, இரண்டரை மாதத்தில் மேல் அடுக்கு டீத்தூளாகிவிடும். தண்ணீர் தெளிப்பதை நாலு நாள் நிறுத்திவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நேர் வெயில் படாத வெளிச்சத்தில் பழைய படுக்கை விரிப்பைப் போட்டு, கிரேட்டைக் கவிழ்த்துக் கோயில் கோபுரம் மாதிரிச் சின்னச் சின்னக் குவியலாகக் கூட்டிவிடுவோம். வெளிச்சத்துக்குப் பயந்து புழு கீழே இறங்கும். காபி குடித்துவிட்டு வந்து குவியலின் மேற்புறத்தைச் சுரண்டி எடுப்போம். மீண்டும் கூட்டிவைப்போம். மூன்று, நான்கு முறை இப்படிச் செய்தால் கடைசியில் விரிப்பின் மேல் உள்ளங்கையளவு ஒரு பந்து மிஞ்சும். முழுக்கப் புழு. கையில் எடுத்தால் குளிர்ந்திருக்கும், கனமாக, மெல்ல அவிழ்ந்து விரல்களுக்கு இடையே வழியும். அதைப் புதுப் படுக்கையில் விட்டுவிட்டு உரத்தைச் சலிப்பது அத்தையின் வேலை. கோதுமை சலித்த பழைய சல்லடை அதற்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கிறது. சலித்ததை வெயிலில் காயவைக்கக் கூடாது. இளம் ஈரத்தோடு சாக்கில் நிழலில் வைத்தால்தான் அதில் இருக்கும் உயிர் நிலைக்கும்.

இந்த உரத்தைப் பற்றி ஊரில் நடக்கும் மிகைப்பேச்சு எனக்கு வருத்தமாக இருக்கிறது. மண்புழு உரத்தில் தழைச்சத்து பொதுவாக நூற்றுக்கு ஒன்று, இரண்டு பங்குதான். யூரியாவில் 46. எடைக்கு எடை வைத்துப் போட்டி போடும் பொருள் இது இல்லை. தொட்டி மண்ணை இறுகாமல் வைக்கிறது, தண்ணீரைப் பிடித்துவைக்கிறது, இருக்கும் சத்தை வேர் எடுத்துக்கொள்ளும் விதமாக மெல்ல மெல்லத் தருகிறது. அதனால்தான் நாலில் ஒரு பங்கு கலந்த தொட்டியில் என் கறிவேப்பிலை கோடையிலும் துளிர்த்தது. இன்னொன்று, இது சூடேறாமல் மட்கும் உரம் என்பதால் விதைகள் சாவதில்லை. தக்காளி, பூசணி, மிளகாய் எல்லாம் கேட்காமலே முளைக்கும். போன கார்த்திகையில் ரோஜாத் தொட்டியில் தானாக வந்த பரங்கிக்கொடி கிரில் கம்பி முழுக்கப் படர்ந்து இரண்டு காய் காய்த்தது.

கிரேட்டின் அடியில் வடியும் கறுப்புத் தண்ணீரை அப்படியே ‘வெர்மிவாஷ்’ என்று பாட்டிலில் பிடித்து வைப்பவர்கள் உண்டு. நல்ல படுக்கையின் வழியே தண்ணீரை மெதுவாகச் சொட்டவிட்டு எடுப்பதுதான் மண்புழுக் குளியல் நீர். ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் சேர்த்து இலையில் தெளிக்கலாம். தானாக வடிந்து நாற்றமடிப்பது அழுகல் நீர். அது வந்தால் படுக்கையில் ஈரம் மிஞ்சிவிட்டது என்று புரிந்துகொண்டு காய்ந்த இலையைத் தேடுங்கள்.

இப்போது எங்கள் அடுக்குமாடியில் இன்னும் மூன்று வீடுகளில் கிரேட் இருக்கிறது. யாரும் புழுவைக் காசு கொடுத்து வாங்கவில்லை. உறைமோர் கேட்டு வருகிற மாதிரி, கிண்ணத்தோடு வந்து நிற்பார்கள். ஒரு கொட்டாங்குச்சிப் படுக்கை, முட்டை குஞ்சு எல்லாம் கிடக்கும் மேல் எருவாகப் பார்த்து, அள்ளிக் கொடுப்பேன்.

போன வாரம் ராத்திரி ஒன்பதரைக்கு மூன்றாம் மாடிப் பெண் போன் செய்தாள். குரல் நடுங்கியது.

“அக்கா, எல்லாம் சாக்குல ஏறி நிக்குதுக்கா. கீழ இறங்கவே மாட்டேங்குது.”

“உள்ள கை வெச்சுப் பாத்தியா? சூடா இருக்கா?”

“இருக்குக்கா.”

“என்னம்மா போட்ட?”

கொஞ்ச நேரம் பேச்சில்லை. “பாதிதான்க்கா போட்டேன். பாதித் தர்பூசணி.”

பால்கனியில் எப்போதும் கட்டி வைத்திருக்கும் காய்ந்த புங்க இலைச் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு மாடி ஏறினேன். அத்தை சல்லடையும் பழைய விரிப்புமாகப் பின்னால் வந்தார்.